அவள் பெயரில் விழுந்த வாக்கு

என் மனைவி இறந்த பிறகு எட்டு மாதங்கள் எங்கள் வீட்டிற்கு ஒவ்வொரு செய்தியும் இருமுறை வந்தது. முதலில் கூடத்தில் என் கைபேசி ஒலிக்கும். அரை நொடி கழித்துப் படுக்கையறை அலமாரியிலிருந்து அவளுடையது ஒலிக்கும். நாள்தோறும் காலையில், என் கைபேசியோடு அவளுடையதற்கும் மின்னேற்றம் செய்துவந்தேன். வெளிநாட்டில் இருக்கும் என் மகள் ஒருமுறை ஏன் என்று கேட்டாள். வங்கியிலிருந்து செய்திகள் வரும் என்றேன். அது உண்மை, ஆனால் காரணம் அதுவல்ல. உடனடியாகத் தொடரும் அந்த இரண்டாவது ஒலி, அடுத்த அறையில் யாரோ இருப்பதாக ஒரு கணம் எண்ணவைக்கும். அந்தக் கணத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே குழுவிலிருந்து வந்தவை. நாங்கள் நான்கு குடும்பங்கள். ஆண்கள் நால்வரும் கடலோரத்து ஆராய்ச்சி மையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் செங்கல்பட்டில், ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டிற்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் குடியேறியவர்கள். மூவர் தெற்கிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். நான்காமவர் மட்டும் இந்த ஊர்க்காரர். பணிமனையில் கடைநிலையில் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றவர். பணியில் இருந்தவரை என்னை 'சார்' என்று அழைத்த அவர், ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து 'அண்ணாத்த' என்று அழைக்கத் தொடங்கினார். அந்தப் பதவி உயர்வை நான் மறுக்கவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த அவர் மனைவிக்கு மட்டும் இன்றும் நான் சார்தான். என் மனைவி அவருக்கு அக்கா.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் புரட்டாசி முடிந்து மழை தொடங்கும் முன்னர், ஒரு சனி ஞாயிறு நாங்கள் எட்டுப் பேரும் எங்காவது போய்த் தங்கிவருவோம். இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு முறையில்லாமல் எதையும் செய்ய வராது. தொடக்கத்தில் ஆளுக்கொரு சீட்டு எழுதி ஓர் எவர்சில்வர் டிபன் பெட்டியில் போட்டோம். முதல் இரண்டு ஆண்டுகள் அந்தச் சீட்டுகளை அலுவலக உணவகத்தில் மதிய உணவின்போது ஆண்களே எழுதினோம். தன் சீட்டு ஒன்று, மனைவியின் சீட்டு ஒன்று. மூன்றாம் ஆண்டு என் மனைவிக்கு இது தெரியவந்தது. அவள் சத்தம் போடவில்லை. எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசம் பரிமாறியபடியே, "எங்க ஓட்டை நாங்களே போட்டுக்கறோம்" என்றாள். அன்றிலிருந்து விதி அதுதான்: ஒருவர் வாக்கை இன்னொருவர் போடக்கூடாது, யார் எதற்குப் போட்டார் என்று கேட்கவும் கூடாது. பணியிடத்தில் நாங்கள் எழுதிய எத்தனையோ விதிகள் திருத்தப்பட்டன. இது ஒன்று மட்டும் திருத்தம் இல்லாமல் நின்றது.

பின்னர் டிபன் பெட்டியின் இடத்திற்கு வாட்ஸ்அப் வந்தது. ஊர்க்காரரின் மனைவிதான் அதில் வாக்கெடுப்பு நடத்தக் கற்றுக்கொண்டு வந்தார். அதில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது பெயரோடு தெரிந்துவிடும். இது விதியின் இரண்டாம் பகுதிக்கு முரணானது என்று நான் சுட்டிக்காட்டினேன். தேர்தல் கமிஷனர் வந்துட்டாரு என்று ஊர்க்காரர் கேலி செய்ததோடு அந்த ஆட்சேபம் முடிந்துபோனது. என் மனைவி அந்த வாக்கெடுப்புகளில் எப்போதும் கடைசியாகத்தான் வாக்களிப்பாள். எது முன்னணியில் இருக்கிறதோ அதற்கே போடுவாள். ஜெயிக்கிற கட்சி என்று அவளைக் கேலி செய்திருக்கிறேன். பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்பாள்.

இந்த ஆண்டு யாரும் பயணத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாக்கெடுப்பு வந்தது. முதலில் கூடத்தில், பிறகு படுக்கையறையில். இரண்டே இடங்கள். ஒன்று ஏலகிரி. மற்றொன்று திருவிடந்தைப் பக்கம் கடலை ஒட்டி வாடகைக்குக் கிடைக்கும் ஒரு வீடு. இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நண்பரை எண்ணி அதைச் சேர்த்திருந்தார்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் காலை மடக்கி உட்கார்ந்து வர அவரால் இயலாது. ஆனால் அவரே பெருந்தன்மையாக மலைக்கு வாக்களித்திருந்தார். புதன் மாலைக்குள் மலைக்கு மூன்று, கடலுக்கு மூன்று. என் வாக்கு மட்டுமே மிச்சம். எப்படியும் நான் வருவேன் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான் வராமல் போவதற்கு இடம் தராத அளவுக்கு மென்மையாக அதைச் செய்திருந்தார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஊர்க்காரர் மட்டும், "அண்ணாத்த, ஓட்டுச்சாவடி அஞ்சு மணிக்கு மூடறாங்க" என்று ஒரு வரி அனுப்பினார்.

குழுவில் இன்னும் எட்டுப் பேர் இருந்தோம். அவளை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் யாரும் செய்யவில்லை.

வியாழக்கிழமை மாலை அவளுடைய கைபேசியை எடுத்துத் திறந்தேன். வாக்கெடுப்பு அவள் திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கத்தான் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். என் திரையில் தெரிந்ததுதான் அதிலும் தெரிந்தது. எழுத்து மட்டும் பெரிதாக இருந்தது. கண்ணாடி தேடாமல் படிப்பதற்காக அவள் அப்படி வைத்திருந்தாள். அவளுக்குக் கடல் பிடிக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியல்ல. அது எனக்கு அத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. தெரிந்தவற்றை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கடல் என்ற வரியின் மேல் விரலை வைத்தேன். அது தவறுதலாகப் பட்ட விரல் அல்ல. வைத்துத்தான் அழுத்தினேன்.

கூடத்திற்கு வந்து என் கைபேசியைப் பார்த்தபோது கடலுக்கு நான்கு என்றிருந்தது. பட்டியலில் அவள் பெயர், பக்கத்தில் மஞ்சள் சேலை உடுத்திய அவளுடைய சிறிய படம், அவள் வாக்களித்த நேரம். அந்த நேரத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். எட்டு மாதங்களில் அவள் செய்ததாகப் பதிவான முதல் செயல் அது.

குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலை ஒருவர் எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது; பிறகு அதுவும் நின்றது. வழக்கமாக ஏழு மணிக்கு வரும் சாமி படமும் வாழ்த்தும்கூட வரவில்லை. ஆறு பேரும் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். செய்தது யார் என்று அவர்களுக்கு ஐயம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் கண்ணில் பட்ட முதல் நொடியில் அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று பின்னால்தான் எண்ணிப்பார்த்தேன். எண்ணியபோது வெட்கமாக இருந்தது.

வெள்ளி மாலை ஊர்க்காரரும் அவர் மனைவியும் வீட்டிற்கு வந்தார்கள். அவர் முதலில் தெருமுனையில் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். அடுத்து, பள்ளத்தில் இறங்கிய ஆட்டோவைப் பற்றி. அவர் மனைவி அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சார், அக்கா ஓட்டை நீங்க போட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

"ஏ, சும்மா இரு" என்றார் அவர்.

"நான் இன்னா தப்பா கேட்டுட்டேன்? அக்கா இருந்தா இதைத்தான் மொதல்ல கேட்டிருப்பாங்க. அவங்க போட்ட ரூலாச்சே அது."

விதியை மீறியது தவறுதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் வாக்கு தவறானதல்ல, அவளுக்குக் கடல் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன்.

"யாரு சொன்னாங்க?"

ஊர்க்காரரின் மனைவி அதைத் தர்க்கத்திற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒரு முடிவுக்கு ஆதாரம் என்ன என்று என்னிடம் பயிற்சி பெற்ற இளைஞர்களை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். இப்போது என் கையில் இருந்த ஆதாரங்களைத் தேடினேன். மாமல்லபுரம் கரையில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மாலை. கடலோரப் படங்களில் எல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருப்பது. ஆனால் கடலைப் பின்னால் வைத்து எடுக்கும் படத்தில் எல்லோருமே கரையைத்தான் பார்த்து நிற்பார்கள்; படம் எடுப்பவர் கேட்டால் சிரிப்பார்கள். அலுவலகக் குடியிருப்பில் கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே போகலாம் என்று மாலையில் அழைத்தது ஒவ்வொரு முறையும் நான்தான். அவள் வந்தாள். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

அப்படியானால் மலையா என்று கேட்டேன்.

அவர் தன் கணவரைப் பார்த்தார். கணவர் விசிறியைப் பார்த்தார்.

"மலையும் இல்ல, கடலும் இல்ல சார். அக்காவுக்கு எங்கயும் போவணும்னே இஷ்டம் இல்ல. நீங்க எல்லாரும் கெளம்பிப் போயிடணும். வூட்ல அவங்க மட்டும் ரெண்டு நாளு இருக்கணும். அதான் அவங்க ஆசை. பால்காரன் வரவேணாம், வேலைக்காரப் பொண்ணு வரவேணாம், கதவையே தொறக்க வேணாம்பாங்க. 'இந்த வீட்டை நான் தனியாப் பார்த்ததே இல்லடி'ன்னு என்கிட்ட சொல்லிகினே இருப்பாங்க."

ஊர்க்காரர் நிலைமையை இலகுவாக்க முயன்றார். தான் வெளியூர் போனால் தன் மனைவியும் இப்படித்தான், டிவி சத்தத்தை ஏற்றிவிட்டு மூன்று வேளையும் பஜ்ஜி தின்கிறாள், பெண்களுக்கு அதுதான் சொர்க்கம் என்றார்.

என்னிடம் அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி என்று தெரிந்தும் கேட்டேன்.

"சொன்னாங்களாமே சார்."

சொல்லியிருக்கிறாள். ஓர் ஆண்டு, சீட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தபோது, இந்தமுறை நீங்கள் மட்டும் போய்வாருங்களேன் என்றாள். செலவை எண்ணியோ, படுக்கையில் கிடந்த என் தாயாரை எண்ணியோ விட்டுக்கொடுக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ இல்லாமல் நான் மட்டும் எங்கே போவது என்று பதில் சொன்னேன். என் தாயாரைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்து, அவளை அழைத்துக்கொண்டு போனேன். மணவாழ்வில் நான் பேசிய மிக நல்ல வாக்கியம் அது என்று நெடுங்காலம் மனத்திற்குள் வைத்திருந்தேன். அதை அவள் தன் தோழியிடம் சொல்லியும் இருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம்.

அவர்கள் போனபின் உட்கார்ந்து எண்ணிப்பார்த்தேன். திருமணமாகி வந்த நாளில் அந்த இரண்டு அறைக் குடியிருப்பில் என் பெற்றோர் இருந்தார்கள். அடுத்து மகள். அதன் பின் தந்தை இறந்தார், தாயார் படுத்தார். நான் கருத்தரங்குகளுக்காக மும்பைக்கும் வியன்னாவுக்கும் போன நாட்களிலும் தாயார் கூடத்துக் கட்டிலில் இருந்தார். அவரும் போனபோது நான் ஓய்வுபெற்றேன். ஓய்வுபெற்று வீட்டிற்கு வந்தேன்; வந்தவன் அங்கேயே இருந்தேன். காலையில் ஏரிக்கரை வரை நடந்துவரும் முக்கால் மணி நேரம்தான் நான் வீட்டில் இல்லாதது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பால் வரும், வேலைக்காரப் பெண் வருவாள். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவள் இந்த உலகத்தில் தன் வீடு என்று சொன்ன எந்த வீட்டிலும் முழுதாக ஒரு பகல் தனியாக இருந்ததில்லை. கணக்கில் பிழை இருக்கும் என்று மறுபடியும் எண்ணினேன். பிழை இல்லை.

இருட்டுமுன் அவள் கைபேசியை எடுத்து, அதே வரியின் மேல் மீண்டும் விரலை வைத்தேன். வாக்கு நீங்கியது. பட்டியலிலிருந்து மஞ்சள் சேலைப் படம் மறைந்தது. மலைக்கு மூன்று, கடலுக்கு மூன்று. பிறகு என் கைபேசியில் என் வாக்கைப் போட்டேன். ஏலகிரியா திருவிடந்தையா என்பது எனக்கு அப்போது பொருட்டாக இல்லை. எங்காவது போகவேண்டும், இரண்டு நாட்கள் இந்த வீட்டில் நான் இருக்கக்கூடாது என்பது மட்டுமே தெளிவாக இருந்தது. ஆகவே முழங்கால் நண்பரை எண்ணிக் கடலுக்குப் போட்டேன். விதியை மீறியதற்கு வருந்துகிறேன், அந்த வாக்கு திரும்பப் பெறப்பட்டது, இது என்னுடையது என்று ஒரு செய்தியும் எழுதினேன். ஊர்க்காரரின் மனைவியிடமிருந்து மட்டும் பதில் வந்தது. சரிங்க சார் என்றிருந்தது. அது இருமுறை ஒலித்தது.

இறந்தவர்கள் திரும்புவார்கள் என்று நம்புகிறவன் அல்லன் நான். அளக்க முடிந்தவற்றை அளந்தே வாழ்ந்தவன். அந்த நம்பிக்கை இல்லாமலேயே பின்வருவனவற்றைச் செய்தேன். பால்காரரிடம் இரண்டு நாட்கள் வேண்டாம் என்றேன். நாளிதழை நிறுத்தினேன். வேலைக்காரப் பெண்ணுக்கு விடுப்புக் கொடுத்தேன். அடுக்ககக் காவலாளியிடம், யார் வந்தாலும் மேலே அனுப்ப வேண்டாம், மணியடிக்க வேண்டாம் என்றேன். கூடத்து மேசையிலிருந்து என் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் எடுத்து என் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மாத்திரைப் பெட்டி, வாசலில் கிடக்கும் நடைக் காலணி எல்லாம் உள்ளே போயின. மேசை வெறுமையானபோது அது எவ்வளவு பெரிய மேசை என்று கண்டேன். பால்கனிப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன்; ரயில் சத்தம் படிப்பைக் கெடுக்கிறது என்று நான் எப்போதும் சாத்தி வைக்கும் ஜன்னல் அது. கடைசியாக அவள் கைபேசியை அணைத்தேன். கதவையே திறக்க வேண்டாம் என்றவளை யாரும் கூப்பிடக் கூடாது.

சனிக்கிழமை காலை ஊர்க்காரர் காரில் வந்தார். பையைப் பார்த்து, ரெண்டு நாளுக்கு இவ்ளோ பெரிய பையா என்று கேட்டார். மறுபடியும் மேலே போக வேண்டியிராதபடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன் என்றேன்.

இரண்டு கார்களில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டும்போது, பணிக்காலப் பழக்கத்தில், முழங்கால் நண்பரும் நானும் உப்பின் அளவைப் பற்றிச் சிறிது பேசிக்கொண்டோம். வீடு சவுக்குத் தோப்பின் ஓரத்தில் இருந்தது. படகுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன. அறைகளைப் பிரித்தபோது எனக்குத் தனி அறை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலேயே என் பையை ஒற்றைக் கட்டில் இருந்த அறையில் வைத்தார்கள். எல்லோரும் மிகவும் கவனமாக இருந்தார்கள். கடலைப் பற்றி ஒருவரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர்கள் நினைத்திருக்கலாம். என் மனம் முழுவதும் செங்கல்பட்டில், ஜன்னல் திறந்த ஒரு கூடத்தின் வெளியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று கற்பனை செய்வதைக் கவனமாகத் தவிர்த்தேன். அவள் என்ன செய்கிறாள் என்று நான் எண்ணிப்பார்த்தால், அதற்குள்ளும் நான் நுழைந்துவிடுவேன்.

ஞாயிறு மதியம் வானம் இருண்டது. மின்சாரமும் போயிற்று. சாப்பாடு முடிந்திருந்தது, முழங்கால் நண்பர் களைத்திருந்தார். மழைக்கு முன் கிளம்பிவிட்டால் நல்லது, இரண்டு மணிக்கே புறப்படலாமா என்று பேச்சு வந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள்.

"ஆறு மணி வரைக்கும்னு சொல்லியிருக்கோம்" என்றேன்.

வீட்டுக்காரரிடமா என்று ஒருவர் கேட்டார். அவர்தான் ஒன்றும் சொல்லமாட்டாரே என்றார்.

ஊர்க்காரரின் மனைவி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, வாசலில் கட்டிவைத்திருந்த பையை அவிழ்த்து, பிளாஸ்கை வெளியே எடுத்தார். "சார் ஆறு மணின்னா ஆறு மணிதான். உக்காருங்க எல்லாரும். டீ போடறேன்."

மழை பெய்தது, விட்டது. ஆறு மணிக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று. திரும்பும்போது முழங்கால் நண்பரும் மற்றவர்களோடு இன்னொரு காரில் ஏறிக்கொள்ள, அவர்கள் முன்னால் போனார்கள். ஊர்க்காரர் வண்டியைக் கிளப்பி, சாலைக்கு வந்ததும் நிறுத்தினார். வந்த வழியே மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஒரு மணி நேரத்தில் வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றார். கோவளம், கேளம்பாக்கம், வண்டலூர் என்று சுற்றினால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது.

சுற்றியே போகலாம் என்றேன்.

"இன்னா அண்ணாத்த, நேரா போற ரோட்டை வுட்டுட்டு" என்று தொடங்கியவர் பின்னிருக்கையில் இருந்த மனைவியைக் கண்ணாடியில் பார்த்தார். வண்டி வடக்கே திரும்பியது.